மூச்சை இழுப்பதல்ல, விடுவதுதான் பயிற்சி

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, பல வருஷம் பீடி பிடித்தவர். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். உதட்டைக் குவித்து ஊதும் பயிற்சியும் சொல்லித் தந்தார்கள். ஆனால் நாலு முறை பலமாக ஊதியதுமே தலை சுற்றுகிறது என்று விட்டுவிடுகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பலமாக ஊதுவதுதான் கோளாறு. இந்த நோயில் நுரையீரலின் சின்னக் குழாய்கள் தளர்ந்திருக்கும். வேகமாக மூச்சை விட்டால் பாதியிலேயே மூடிக்கொள்ளும். பழைய காற்று உள்ளே தங்கிவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? உதட்டைக் குவித்து மெல்ல விடும்போது உள்ளே ஒரு லேசான அழுத்தம் நின்று, குழாய்களைத் திறந்தே வைத்திருக்கும். அடுத்தடுத்து பலமாக ஊதினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். தலைசுற்றல் அதனால்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தளர விடட்டும். வாயை மூடி, இரண்டு எண்ணும் நேரம் மூக்கால் இழுக்கட்டும். நெஞ்சு நிறைய வேண்டாம், சாதாரணமாகப் போதும். பிறகு சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல, நாலு எண்ணும் வரை விடட்டும். கன்னம் உப்பக் கூடாது. ஒரு சாண் தள்ளி நாளிதழ்த் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். மெல்ல ஆடினால் சரி. படபடத்தால் பலம் அதிகம். (மெழுகுவத்தி வைத்துப் பழகுகிறவர்கள் உண்டு. வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் பக்கத்தில் நெருப்பே கூடாது.) ஐந்தாறு மூச்சு விட்டதும் சற்று ஓய்வு, தினமும் மூன்று நான்கு வேளை. மூச்சு முட்டாதபோது பழகினால்தான் முட்டும்போது கைகொடுக்கும்.

மாடி ஏறும்போது நின்று இழுத்து, விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறி, மறுபடி நிற்கட்டும். வாளி தூக்குவதும் குனிந்து செருப்பு மாட்டுவதும்கூட மூச்சை விடும்போதுதான். பலரும் அங்கேதான் தம் பிடித்துத் திணறுகிறார்கள்.

இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாவிட்டாலோ, வழக்கமில்லாமல் தூங்கி வழிந்தாலோ பயிற்சியில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மூச்சை இழுத்தால் பந்துகள் மேலெழும் மூன்று பந்துக் கருவி, கபாலபாதி என்ற யோக மூச்சுப் பயிற்சி இரண்டும் அப்பாவுக்கு உதவுமா?

பதில்: அந்தக் கருவி மூச்சை இழுக்கப் பழக்குவது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தருவார்கள். அப்பாவின் சிக்கல் வெளியே விடுவதில் இருக்கிறது. கபாலபாதியில் மூச்சை வெடுக்கென்று தள்ள வேண்டும். தளர்ந்த குழாய்கள் மூடிக்கொள்வது அப்படித் தள்ளும்போதுதான். அவருக்கு அது வேண்டாம்.