சபாவுக்கு ரா ஃபைல் கொடுக்க வேண்டுமா?

மார்கழிக் கச்சேரியை இலவசமாகப் படம் எடுத்துக் கொடுத்தீர்கள், பெயர் போடாமலே அதை அடுத்த நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்கள், இப்போது ரா ஃபைல் (கேமராவில் பதிவான, திருத்தாத மூலக் கோப்பு) எல்லாவற்றையும் கேட்கிறார்கள் என்கிறீர்கள். கொடுக்காதீர்கள். அப்படி ஒப்புக்கொள்ளாதவரை கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டு, அதற்குப் பணமோ பிரதிபலனோ பெற்று எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடும். நீங்கள் பணம் வாங்கவில்லை, நல்லது. அடுத்த முறை 'பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று கவரை நீட்டினால் எழுதி வாங்காமல் தொடாதீர்கள். முன்வரிசை பாஸ் கொடுத்தோமே, அதுவே பிரதிபலன்தான் என்றுகூட வாதாடுவார்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் செயலாளரோடு உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து டிசைனர் எடுத்துப் போட்டிருப்பார். பெயர் சேர்க்கச் சொல்லி மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் மின்னஞ்சல்.

அப்புறம், இனி ஒப்புக்கொள்ளும் முன்பே இப்படி அனுப்பிவிடுங்கள்: "ஐயா, நிகழ்ச்சி முடிந்து மூன்று நாளில் 25 படங்கள் ஜேபெக்காகத் தருகிறேன். சபாவின் பக்கத்திலும் நோட்டீஸிலும் என் பெயரோடு பயன்படுத்தலாம். ஸ்பான்சர் விளம்பரத்துக்கு என்றால் தனியாகக் கேளுங்கள்." அவர் 'சரி' என்று பதில் போட்டாலே பின்னால் காட்ட ஓர் ஆதாரம். எங்கே நிற்கலாம், ஆலாபனையின்போது ஷட்டர் சத்தம் கூடாதா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பாடகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.