மலைப்பாதை திருத்துற சோலி: கேட்டவங்களுக்கு ஒரு பழைய மேஸ்திரியின் பதில்கள்

பாவநாசத்துக்கு மேல, முண்டந்துறை, களக்காடு மலையில சீசன் ஆட்களைக் கூட்டிக்கிட்டுப் போய் நடைபாதை திருத்துறது, தீக்கோடு (தீ தாண்டாம இருக்கப் புல்லு புதரை வெட்டி விடுற பட்டை) வெட்டுறதுதான் என் சோலி. வனத்துறை சொன்ன இடத்துல, சொன்ன மாசத்துல. இப்ப மூட்டு ஒத்துழைக்கல, வாய் நல்லாவே ஒத்துழைக்குது. கேளுங்க.

அம்பையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: அண்ணாச்சி, ஒருதடவை பாதையை ஒழுங்காப் போட்டுட்டா போதாதா? வருசா வருசம் எதுக்கு ஆள் விட்டுத் திருத்தணும்?

நம்ம மலை ரெண்டு மழையும் வாங்குற மலை தம்பி. ஜூன்ல இருந்து தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து வடகிழக்கு. கீழ அம்பையில வெயில் காயும்போது மேல கக்காச்சி, நாலுமுக்கு பக்கம் ஊத்திக்கிட்டு இருக்கும். அம்புட்டுத் தண்ணியும் கீழ இறங்கணும்லா? நீ வெட்டி வச்ச பாதைதான் அதுக்கு ஆகச் சுலபமான வழி. முதல் மழையில பாதை நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழும். கண்டுக்காம விட்டா அடுத்த மழையில அது ஓடை. ஓடைக்குள்ள யாரும் நடக்க மாட்டாங்க, ஓரமா நடப்பாங்க, ஓரம் இடியும். ரெண்டு வருசத்துல பாதை இருந்த இடம் தெரியாது.

2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ள வந்ததை எல்லாரும் பாத்தீங்க. அந்த மாதிரி மழைக்கு யார் போட்ட பாதையும் தாங்காது. சாதாரண மழைக்குத் தாங்குற மாதிரி வச்சுக்கிடுறதுதான் நம்ம வேலை.

புதுசா வாற ஆளு புதர் வெட்டத்தான் ஆசைப்படுவான். வெட்டினா உடனே வெளிச்சம் வரும், வேலை நடந்த மாதிரி இருக்கும். புதர் மண்டுனா ஒரு நாள்ல வெட்டிரலாம். மண்ணு போச்சுன்னா அதை யாரு சுமந்து கொண்டாந்து போட?

கடையத்திலிருந்து: அப்ப தண்ணியை எப்படித் திருப்புறது? கொஞ்சம் விளக்கமா.

இதைக் கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன்.

பாதை பள்ளத்துப் பக்கமா லேசா சாஞ்சு இருக்கணும். மூணடி அகலத்துக்கு ரெண்டு அங்குலம் போதும். கூடப் போனா நடக்கிறவன் கணுக்கால் பிரளும். ஆளும் மாடும் நடக்க நடக்க நடுவு அமுங்கி, பள்ளத்து ஓரத்துல வயல் வரப்பு மாதிரி மண்ணு ஒதுங்கி நிக்கும். அந்த வரப்புதான் எதிரி. தண்ணியை வெளியே விடாது, பாதையோடயே ஓட வைக்கும். மம்பட்டியால அதைச் சீவி, மண்ணைத் திரும்ப நடுவுல போட்டு மிதிச்சு இறுக்கணும். சீசன் வேலையில பாதி இதுதான். பாக்க ஒண்ணும் செய்யாத மாதிரியே இருக்கும்.

சரிவு கூடுத இடத்துல குறுக்கே கல்லு பதிக்கணும். நேர் குறுக்கா வைக்கக் கூடாது, 45 டிகிரி சாய்ச்சு வைக்கணும். நேரா வச்சா தண்ணி அங்கனயே தேங்கி, மண்ணைக் கொண்டாந்து மூடி, அடுத்த மழையில மேல ஏறி ஓடிரும். கல்லுல மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள இருக்கணும். மேல ஏறி நின்னு ஆட்டிப் பாரு, ஆடுனா தோண்டி எடுத்துத் திரும்ப வையி. தண்ணி வெளியேறுத வாய் மம்பட்டி ரெண்டு அகலமாவது வேணும். சருகு வந்து அடைக்கது அங்கனதான். கல்லுக்குப் பதிலா மரக்கட்டை போடலாம்தான், ஆனா நம்ம ஈரத்துக்கும் கரையானுக்கும் அது எத்தனை நாளைக்கு?

கல்லே கிடைக்காத மண் சரிவுல இன்னொரு வழி இருக்கு. இறங்கி வாற பாதையை ஒரு பத்து, பதினஞ்சு அடிக்கு லேசா மேல ஏறவிட்டு, திரும்ப இறக்கணும். அந்தத் தாழ்வுல தண்ணி தானா வெளியேறிரும். நடக்கிறவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது, சருகும் சீக்கிரம் அடைக்காது. எனக்குப் பிடிச்சது இதுதான்.

புதுசாப் பாதை எடுத்தா, சராசரியா பத்தடி நடைக்கு ஒரு அடிக்கு மேல ஏறக் கூடாது. இன்னொண்ணு, பாதையோட ஏத்தம் மலைச்சரிவோட ஏத்தத்துல பாதிக்குள்ள இருக்கணும். தாண்டிப் போச்சுன்னா நீ எப்படிச் சாச்சாலும் தண்ணி பாதையை விட்டு இறங்காது.

சரியா செஞ்சமான்னு தெரியணுமா? மிதமான மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போய் நின்னு பாரு. தண்ணியே சொல்லிரும்.

விக்கிரமசிங்கபுரம் வாசகர்: எந்த மாசம் என்ன வேலை நடக்கும்?

பொங்கல் முடிஞ்சதும் ஏறுவோம். மழை இடிச்ச இடத்தைப் பாக்கது, விழுந்த மரத்தை ஒதுக்குறது, தீக்கோடு வெட்டுறது. பிப்ரவரியில இருந்து மே வரை தீக்காலம். அப்ப பாதைக் கும்பலே தீக்காவல் கும்பலாயிரும். மே கடைசியில தண்ணி வாயெல்லாம் சுத்தம் பண்ணணும், இதைத் தவறவிட்டா ஜூன்ல அம்புட்டும் வீண். ஆடி அமாவாசைக்கு முன்ன காரையார் சொரிமுத்தய்யனார் கோயில் பக்கத்து வேலை. ஐப்பசி, கார்த்திகையில மேல ஏறாம இருக்கதுதான் வேலை.

தீக்காலத்துல கும்பலை நடத்துறவனுக்கு ஒண்ணு சொல்லுதேன். தீ மலைமேல ஏறுத வேகத்துக்கு மனுசனால ஏற முடியாது. 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. காய்ஞ்ச புல்லுச் சரிவுல வேலை நடந்தா, புல்லில்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிஞ்ச தரை எந்தப் பக்கம்னு மனசுல வச்சுக்கிட்டே இருக்கணும். கும்பல் நகர நகர அதுவும் மாறும்.

களக்காட்டிலிருந்து ஒரு சகோதரி: எங்க ஊர்ப் பெண்கள் சிலர் தீக்கோடு, பாதை வேலைக்குப் போகப்போறோம். அரிவாள் பிடிச்சுப் பழக்கம் உண்டு, மலை வேலை புதுசு. என்ன கவனிக்கணும்?

தாயி, வயல்ல வேலை பாத்த கைக்கு இது ஒண்ணும் பெருசில்ல. மாறுறது ரெண்டு மூணுதான். சரிவுல நடக்கும்போது அரிவாளைப் பள்ளத்துப் பக்கக் கையில பிடிங்க. வழுக்குனா அதை விட்டெறிய இடம் வேணும். அரிவாளோட கூர்ப்பக்கத்துல பழைய ஹோஸ் குழாயைக் கீறி மாட்டிக்கிடுங்க. வெட்டும்போது ஆளுக்கும் ஆளுக்கும் பத்தடி இடைவெளி. ஒருத்தருக்கு நேர் மேல இன்னொருத்தர் வேலை பாக்கவே கூடாது, கல்லு உருளும்.

செடியை வெட்டுனா தரையோட தரையா வெட்டுங்க. அவசரத்துல சாய்வா வெட்டி அரையடி விட்டுட்டுப் போறாங்க பாருங்க, அது கூர் முளை. இருட்டுல வாற காவலர் கால்ல ஏறிரும். வெட்டுன தழையைப் பாதையோரம் குவிக்கவும் கூடாது. காய்ஞ்சா தீக்கு விறகு. பள்ளத்துப் பக்கம் தள்ளி, பரத்திப் போடணும்.

உண்ணிச்செடிக்கு மட்டும் இது செல்லாது. வெட்ட வெட்ட ரெண்டு மடங்காத் தழைக்கும். வேர்க் கழுத்துக்குக் கீழ, மண்ணுக்குள்ளயே வெட்டி எடுத்துத் தலைகீழாப் போட்டாத்தான் சாகும். பூவும் காயும் வாறதுக்கு முன்ன.

பேர் வேண்டாம் என்றவர்: புதுசா வேட்டைத் தடுப்புக் காவலரா சேர்ந்திருக்கேன். எட்டுப் பேரைக் குடுத்துப் பாதை வேலையைப் பாக்கச் சொல்லிட்டாங்க. எல்லாரும் என்னைவிட மூத்தவங்க. எதைச் சொன்னாலும் "நீ பொறக்கதுக்கு முன்னயே நாங்க பாத்துட்டோம்"ங்காங்க.

அவங்க சொல்றது நெசம்தானப்பா. அதுல உனக்குக் கோவம் எதுக்கு? உன் கும்பல்ல ஒரு காணிக்காரர், இந்த மலையிலயே வாழுற பழங்குடி ஆளு, இருந்தா, பாதை எங்க போகணும், எந்த ஓடையை எங்க தாண்டணும்ங்குறதை அவர்ட்ட விட்டுரு. நாலு பேர் முன்னால வச்சுக் கேளு. அவருக்குத் தெரிஞ்சது உனக்கு எந்தப் பயிற்சியிலயும் கிடைக்காது.

உன் கையில வச்சுக்கிட வேண்டியது மூணு: எப்பக் கிளம்புறது, எப்பத் திரும்புறது, யார் எங்க நிக்கிறது. இதுல மட்டும் விட்டுக்குடுக்காத. திரும்புற நேரத்தைக் காலையிலயே சொல்லிரு. சாயந்தரம் மூன்றரைன்னா மூன்றரை. "இன்னும் நாலு கல்லுதான்"னு யாராவது சொன்னா, அந்த நாலு கல்லும் நாளைக்கும் அங்கனதான் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் நீயே பாரையை எடுத்துக் கல்லு நெம்பு. பேச்சு பாதி அடங்கும். பெறகு பாரையை வச்சிரு. நாள் பூரா நீயே வேலை பாத்தா யார் எங்க நிக்காங்கன்னு தெரியாது. நான் பாத்த மேஸ்திரிகள்ல ரொம்பப் பேரு சறுக்குனது சோம்பல்ல இல்ல, இதுலதான்.

ஆளுக்கு இத்தன அடின்னு பங்கு போடாத. வெரசா முடிச்சிட்டு உக்கார, சாய்வில்லாம மட்டமாச் சீவிட்டுப் போயிருவாங்க. ரெண்டு ரெண்டு பேரா விடு. ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் மண்ணு ஒதுக்க. மத்தியானம் மாத்து.

கூலி விசயம் ஏறுறதுக்கு முன்னயே தெளிவா இருக்கணும். பாதி நாள்ல மழை வந்து இறங்குனா அன்னைக்கு என்ன கூலின்னு ரேஞ்சர்ட்ட கேட்டு எல்லார் முன்னயும் சொல்லிரு. சொல்லாட்டி கூலி போயிருமேன்னு மழையில நின்னு வெட்டுவாங்க, அப்பத்தான் கை வழுக்கும். குடிச்சிட்டு வந்தவரை அன்னைக்கு ஏத்தாத. சத்தம் போடாத, காரணம் சொல்லாத, "நாளைக்கு வாங்க"ன்னு மட்டும் சொல்லு.

செங்கோட்டையிலிருந்து: யானை, கரடி?

இருக்கு. அதுங்க வீடு அது. ஈத்தைக் காட்டுக்குள்ள, அதான் நாணல் மூங்கில் மண்டிக் கிடக்க இடத்துல, நாலடிக்கு அங்கிட்டு என்ன நிக்குதுன்னு தெரியாது. அதனால போறதுக்கு முன்ன நின்னு கேக்கணும், மோந்து பாக்கணும். ஒடிபடுத சத்தம், சூடு ஆறாத யானைச் சாணி, நனைஞ்ச பாறையில புதுச் சேறு. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. காத்து நம்ம முதுகுல இருந்து முன்னால அடிச்சா யானைக்கு நம்ம வாசம் முன்னயே போயிரும், பெரும்பாலும் விலகிரும். எதிர்க்காத்துதான் ஆபத்து. கரடி அப்படியில்ல. புத்தைத் தோண்டுறதுலயோ பழத்துலயோ மும்முரமா இருந்தா நாம கிட்ட வாறது அதுக்குத் தெரியாது, பயந்துதான் பாயும். பேசிக்கிட்டே நடங்க. பாட்டுக்கூடப் பாடலாம், எங்க கும்பல்ல ஒருத்தர் பாடுனா கரடி மட்டுமில்ல, நாங்களும் ஓடிருவோம்.

தென்காசி: பெரிய மரம் குறுக்கே விழுந்தா?

முதல்ல வெட்டணுமான்னு யோசிங்க. தாண்டுற உயரம்னா மேல ஒரு படி செதுக்கிட்டு விட்டுரலாம். வெட்டித்தான் ஆகணும்னா எப்பவும் மலைப்பக்கமா நின்னு வெட்டணும், அறுத்த துண்டு உருளும். ரெண்டு முனையும் தாங்கி நடுவு அந்தரத்துல நின்னா, மேல்பக்கம் நெருக்கிக்கிட்டு இருக்கும், அடிப்பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கும். மேல இருந்தே அறுத்தா ரம்பத்தைக் கவ்விக்கிடும். கொஞ்சம் மேல அறுத்து, ஆப்பு வச்சு, மீதியை அடியில இருந்து அறுக்கணும். ஒரு முனை மட்டும் தாங்குனா எல்லாம் தலைகீழ். வளைஞ்சு முறுக்கி நிக்கிற மரத்தைப் பழகாதவன் தொடவே வேண்டாம்.

நாங்குநேரி: பாம்பு கடிச்சா மேல என்ன செய்வீங்க?

கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையோ காலோ ஆடாம கம்பு வச்சுக் கட்டி, ஆளை நடக்கவிடாம வேட்டியில தொட்டில் கட்டித் தூக்கிட்டு இறங்கணும். விஷமுறிவு மருந்து இருக்க அரசு ஆஸ்பத்திரிக்கு. அதனாலதான் எட்டுப் பேருக்குக் குறைஞ்ச கும்பலை நான் உள்ளே கூட்டிட்டுப் போறதில்ல, தூக்குறதுக்கே ஆள் மாத்தி மாத்தி வேணும். இன்னொண்ணு. நம்ம மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் செய்தது. மேல ஈரக்காட்டுச் சருகுல, மூக்கைத் தூக்கிக்கிட்டு ஒரு சின்னக் குழிவிரியன் கிடக்கும். அதோட விஷத்துக்கு இந்த மருந்து கேக்காது. டாக்டர்ட்ட எங்க, எப்படிப்பட்ட பாம்புன்னு சொல்லுங்க. அடிச்சுக் கொண்டுபோக மெனக்கெடாதீங்க.

சென்னையில் வேலை பார்க்கும் வள்ளியூர்க்காரர்: லீவுல வந்து நானும் நண்பர்களும் தன்னார்வமா பாதை திருத்தலாமா?

நீங்களா அரிவாளோட ஏறுனா கேஸு. 1988-ல களக்காடு, முண்டந்துறை ரெண்டு சரணாலயமும் சேர்ந்து தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் ஆச்சு. உள்ளே ஒரு கொம்பு ஒடிக்கவும் அனுமதி வேணும். வனத்துறையில எழுதிக் குடுங்க. ஆடி அமாவாசை முடிஞ்சதும் குப்பை பொறுக்க ஆள் கேப்பாங்க, அங்க இருந்து தொடங்குங்க.

திருக்குறுங்குடி: மலைநம்பி கோயிலுக்குப் போற சனங்க வளைவுல நடக்காம குறுக்கே ஏறுறாங்க. அறிவிப்புப் பலகை வச்சா நிப்பாங்களா?

மாட்டாங்க. குறுக்கு வழி கண்ணுல படுதவரைக்கும் ஏறத்தான் செய்வாங்க. வளைவுக்கு வளைவு இடையில பாறையும் முள்ளுத் தழையும் போட்டு மறைக்கணும், தேய்ஞ்ச மண்ணைக் கொத்திவிடணும். முக்கியமா, வளைவு ரெண்டும் ரொம்பக் கிட்டக் கிட்ட இருந்தா தப்பு பாதை எடுத்தவன்மேல.

சேரன்மகாதேவி: ஓடையில திடீர்னு தண்ணி வந்தா?

உங்களுக்கு மழை இருக்கணும்னு இல்ல, மேல பெஞ்சா போதும். தெளிஞ்ச தண்ணி கலங்குனா, சருகும் குச்சியும் சேந்து வந்தா, சத்தம் கனமாச்சுன்னா உடனே கரையேறணும். சாமானை எடுக்கத் திரும்பாதீங்க. அந்தக் கரையில மாட்டுனா அங்கனயே உக்காருங்க. சின்ன ஓடை ஏறுன வேகத்துல சில மணி நேரத்துல இறங்கிரும். ஒவ்வொரு ஓடை தாண்டுனதும் தலையை எண்ணுங்க, கடைசியில வாற ஆளு பொறுப்பான ஆளா இருக்கட்டும்.

ஆலங்குளம்: அட்டைக்கு? அப்புறம் சாப்பாடு?

உப்புத் துணி, இல்ல புகையிலை ஊறுன தண்ணி. கடிச்சிட்டா பிடிச்சு இழுக்காம நகத்தால வழிச்சு எடுங்க. ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, பயப்படாதீங்க.

சாப்பாடு புளிச்சோறு, மத்தியானத்துக்குள்ள கெடாது. பையில கருப்பட்டியும் வறுத்த கடலையும். மேல அடுப்பு மூட்டக் கூடாது, மிச்சச் சோத்தை அங்க கொட்டவும் கூடாது. பொட்டலத்தோட கீழ கொண்டாந்துருங்க.