மைனஸ் பவர் ஏறுகிறதே, புள்ளி லென்ஸ் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போன வருடம் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 இருந்தது, இப்போது மைனஸ் 2.25. கண்ணாடி போடப் போடத்தான் பவர் ஏறும், கழற்றி வை என்கிறார் மாமியார். கண் மருத்துவரோ ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும் லென்ஸைப் போடச் சொல்கிறார். விலையும் அதிகம். புள்ளி வழியாக மங்கலாகப் பார்த்தால் இருக்கிற பார்வையும் கெட்டுவிடாதா?

பதில்: கண்ணாடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். மலேசியாவில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவின்படி, குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது. மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொல்கிறார்.

பவர் ஏறுவது என்றால் உள்ளே கண் நீள்கிறது என்று அர்த்தம். பிறக்கும்போது கண்ணின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர், பெரியவர்களுக்குச் சுமார் 24. இந்த வளர்ச்சி அளவு மீறி 1 மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய இரண்டரை பவர் மைனஸ் வந்துவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. அதனால்தான் ஏறிய பிறகு வருந்துவதைவிட, ஏறும் வயதிலேயே வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறோம்.

எங்கே நிற்பது என்று கண்ணுக்கு யார் சொல்வது? எழுத்துகளைப் படிக்கிற நடு விழித்திரைதான் சொல்லும் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எர்ல் ஸ்மித்தும் குழுவினரும் குரங்குக் குட்டிகளுக்கு நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும் கண்ணாடி மாட்டினார்கள். நடுப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கண் நீண்டுபோனது. இது வெளிவந்தது 2005-ல். வேறு குட்டிகளுக்கு நடு விழித்திரையையே லேசரால் அழித்தார்கள். அப்போதும் கண் தன் வளர்ச்சியைத் தானே சரிசெய்துகொண்டது. அதாவது, நாம் கவனிக்காத பக்கவாட்டுப் பார்வைக்கும் கண்ணின் வளர்ச்சியில் பெரிய பங்கு உண்டு.

இப்போது உங்கள் மகளின் கண்ணுக்கு வருவோம். கிட்டப்பார்வைக் கண் பந்துபோல இல்லாமல் முட்டைபோல நீண்டிருக்கும். சாதாரண மைனஸ் லென்ஸ் நடுவில் விழும் ஒளியைச் சரியாக விழித்திரையில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ஓரத்தில் விழும் ஒளி பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னால் போய்க் குவிகிறது. விழித்திரை இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும் போலிருக்கிறது என்று கண் அதை எடுத்துக்கொள்கிறது.

புள்ளி லென்ஸ் இதைத்தான் மாற்றப் பார்க்கிறது. அதைச் சாய்த்து டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஹோயா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய வகையில், நடுவில் 9 மில்லிமீட்டருக்கு ஒன்றுமே இருக்காது. அதைச் சுற்றித் தேன்கூடுபோலச் சுமார் 400 குட்டி லென்ஸ்கள், ஒவ்வொன்றும் பிளஸ் 3.50 பவர். அவற்றின் வழியே போகும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவியும். கண்ணுக்கு அது ‘வளர்ந்தது போதும்’ என்ற சைகை. அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் 2 ஆண்டுகள் சோதித்ததில், சாதாரணக் கண்ணாடி போட்டவர்களோடு ஒப்பிட்டால் பவர் ஏற்றம் 52 சதவீதமும் கண் நீள்வது 62 சதவீதமும் குறைந்தன. எனவே அந்த மங்கலுக்குப் பயப்படாதீர்கள். குரங்குக் குட்டிகளுக்கு ஓரத்தில் வந்தது உருவமே கலைந்த மங்கல், இது ஒளி விழித்திரைக்கு முன்னால் குவிவதால் வரும் மங்கல். கரும்பலகையை நடு வட்டத்தின் வழியாகத்தான் பார்ப்பாள். ஓர மங்கல் முதல் சில நாள் உறுத்தலாம், அப்புறம் பழகிவிடும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஓர ஒளிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஓரத்தில் ஒளி எங்கே குவிகிறது என்பதை வைத்து யாருக்குப் பவர் ஏறும் என்று கணிக்க முடியவில்லை. லென்ஸ் பலன் தருகிறது. எந்த வழியில் தருகிறது என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

வாங்கினால் ஃப்ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். நடு வட்டம் கருமணிக்கு நேரே நிற்க வேண்டும். கண்ணாடி மூக்கில் சறுக்கி, பிள்ளை அதற்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கொடுத்த காசு வீண். கடையிலேயே அவளைக் குனிந்து நிமிரச் சொல்லிப் பாருங்கள். காலையில் போட்டால் தூங்கும்போதுதான் கழற்ற வேண்டும்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். சரியான பவரில் சாதாரணக் கண்ணாடி, கூடவே குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து என்ற வழியும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கி ஊற்றக் கூடாது. வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் இப்போதே வெயிலில் விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளியே கூடுதலாக விட்டார்கள். 3 வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள், அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம், விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். மகளுக்கும் வெளி விளையாட்டு நல்லதுதான், ஆனால் பவர் வந்த பிறகு அதன் பலன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

அடுத்த முறை போகும்போது பவரோடு கண்ணின் நீளத்தையும், அதாவது ஆக்ஸியல் லெங்த்தையும், அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வலிக்காது, சில நிமிடம்தான். ஆறு மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி அளந்தால், லென்ஸ் வேலை செய்கிறதா என்று மருத்துவர் மதிப்பிட அந்த இரண்டு எண்ணும் உதவும்.