உழவர் சந்தையில் காய் வாங்குவது: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: உழவர் சந்தையில் விற்பவர் நிஜமாகவே விவசாயியா, வாங்கி விற்பவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திண்டுக்கல் வாசகி)

பதில்: அடையாள அட்டையைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்ததே, இடையில் தரகர் இல்லாமல் விளைவித்தவர் நேரடியாக விற்கத்தான். கடைக்கு வாடகை இல்லை என்பதும் அதற்காகத்தான்.

அட்டை கண்ணில் படாவிட்டால் காயைப் பாருங்கள். தோட்டத்துக்காரரிடம் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். பிஞ்சும் முற்றலும் கலந்து, அளவு ஏறுமாறாக இருக்கும். ஒரே ஆளிடம் வெண்டை, கேரட், முட்டைகோஸ் எல்லாம் குவிந்திருந்தால், "எந்த ஊர்த் தோட்டம்ணே?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் சந்தைக்குள்ளேயே இருக்கும் நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பேரம் பேசலாமா? (கரூர் வாசகர்)

பதில்: வேண்டாம். மொத்தச் சந்தை நிலவரத்தைப் பார்த்துத் தினமும் காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலைக்குச் சற்று மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே இருக்கும். நுழைந்ததும் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டால் தராதீர்கள். விடியுமுன் பறித்துச் சுமந்து வந்தவரிடம் அதற்குக் கீழே கேட்டு நச்சரிக்கவும் செய்யாதீர்கள். தட்டு காலியாக இருக்கும்போது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: காலையில் பறித்த காய்தான் வாங்குகிறேன். ஆனாலும் ஃபிரிட்ஜில் வெண்டை கறுக்கிறது, கீரை அழுகுகிறது. ஏன்? (ஈரோடு வாசகி)

பதில்: காயில் குறையில்லை, வைக்கும் விதத்தில்தான் சிக்கல். வெண்டையும் கத்தரியும் வெயில் பயிர்கள். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் வெண்டையில் கரும்புள்ளி விழும். கத்தரித் தோல் குழிந்து உள்ளே விதை கறுக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே கத்தரியை வெளியே நிழலில் வைத்து இரண்டு நாளில் சமையுங்கள். வெண்டையைக் கழுவாமல், ஈரத்தைத் துடைத்து, பருத்திப் பையில் போட்டு, குளிர் குறைவான கீழ்ப்பெட்டியில் வையுங்கள். தக்காளியும் பழுக்கும்வரை வெளியில்தான்.

வாங்கும்போது வெண்டை நுனியை ஒடிக்காதீர்கள். ஒடித்துப் போட்ட காயை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். நுனியை லேசாக வளைத்தாலே போதும். விறைப்பாக எதிர்த்தால் முற்றல். கத்தரிக்குக் காம்புத்தொப்பி பச்சையாக, தோல் பளபளப்பாக இருக்கவேண்டும். தோல் மங்கியிருந்தால் விதை முற்றிவிட்டது.

கீரை முதலில் அழுகுவது கயிறு இறுக்கிய இடத்தில். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, நசுங்கிய இலைகளைக் கிள்ளி எறியுங்கள். அன்று மாலையே சமைப்பதென்றால் வேர் மட்டும் நனைய இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நிறுத்துங்கள். மறுநாளைக்கென்றால் ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். கழுவுவது அரியும் முன்புதான். பக்கத்தில் வாழைப்பழம் வேண்டாம்; பழுக்கும்போது அது விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.