கழுத்தில் மட்டும் ஏன் எரிகிறது?

கேள்வி: எனக்கு வயது 27. கல்லூரி நாளிலிருந்து ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேஸரில்தான் ஷேவ் செய்துவந்தேன். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துகொண்டே இருந்ததால், நண்பன் பேச்சைக் கேட்டு இரண்டு மாதத்துக்கு முன் சேஃப்டி ரேஸருக்கு மாறினேன். ஒரே ஒரு பிளேடு மாட்டும், மூன்று துண்டாகக் கழலும் சாதாரண ரேஸர். 'இருப்பதிலேயே கூரான பிளேடாகப் பார்த்து வாங்கு' என்றான். ஃபெதர் வாங்கினேன். முதல் நாளே மோவாயில் ரத்தம். பிறகு பல பிராண்டு கலந்த பாக்கெட் ஒன்றை வாங்கி, நாளுக்கு ஒன்றாக மாற்றிப் பார்க்கிறேன். கன்னம் பரவாயில்லை, கழுத்து மட்டும் எரிகிறது. எனக்கு எந்த பிளேடு பொருந்தும்? 'பிளேடைத் துடைத்து, கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் தேய்த்து வை, ஒரு மாதம் வரும்' என்று தாத்தா வேறு சொல்கிறார். செய்யலாமா? அடுத்த மாதம் விமானப் பயணம் இருக்கிறது. பிளேடைக் கொண்டுபோக விடுவார்களா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, பாதி விடையை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். கன்னம் பரவாயில்லை, கழுத்து மட்டும் எரிகிறது என்கிறீர்கள். இரண்டிலும் ஓடியது ஒரே பிளேடுதானே? பிளேடுதான் குற்றவாளி என்றால் கன்னத்தையும் ஒரு கை பார்த்திருக்காதா? அதனால் பிராண்டு ஆராய்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கழுத்துக்கு வருவோம்.

இன்றைக்கு ஷேவ் செய்யாதீர்கள். இரண்டு நாள் முடியை வளரவிட்டு, கண்ணாடி முன் நின்று கழுத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி வளரும் திசை, சொரசொரப்பது எதிர்த் திசை. கன்னத்து முடி அநேகமாக எல்லோருக்கும் கீழ்நோக்கித்தான் வளரும். கழுத்து முடிக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. பக்கவாட்டில் படுத்திருக்கும், சுழி போட்டிருக்கும், சிலருக்கு அண்ணாந்து மேலே பார்த்திருக்கும். எனக்குக் குரல்வளைக்கு இடது பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் முடி காதை நோக்கி ஏறுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை 'முதல் இழுப்பு மேலிருந்து கீழே' என்று சொல்லிக்கொடுத்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தினமும் எதிர்த் திசையில் சுரண்டிக்கொண்டிருந்தேன். பழி போட்டது பிளேடு மேல்.

அடுத்தது அழுத்தம். கார்ட்ரிட்ஜில் பழகிய கைக்கு இதுதான் பெரிய தலைவலி. அந்த ரேஸரின் தலை ஆடி அசைந்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நம் வேலை அழுத்தி இழுப்பது மட்டும்தான். சேஃப்டி ரேஸரில் தலை அசையாது. கோணம் உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது, அழுத்தத்துக்கு ரேஸரின் எடையே போதும். அதன் மேல் நீங்களும் அழுத்தினால் தோல் உப்பிக்கொண்டு பிளேடுக்கு அடியில் வரும், மேல்தோலைச் சீவிக்கொண்டு போகும். ரத்தம் வராமலே கூட எரியும். ஒரு வாரம் கைப்பிடியின் அடிநுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்துச் செய்யுங்கள். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது.

கோணத்துக்கு 30 டிகிரி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். குளியலறையில் யார் கோணமானியோடு நிற்கிறார்கள்? ரேஸரின் மேல்மூடியைக் கன்னத்தில் படியவையுங்கள். கைப்பிடி முகத்துக்குக் குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும், இந்த நிலையில் பிளேடு தோலில் படாது. அப்படியே கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே சிறு சிறு இழுப்பாக இழுங்கள். ஓர் இடத்தில் முடி அறுபடும் சத்தம் கேட்கத் தொடங்கும். காய்ந்த சருகை விரலால் நொறுக்குவது போல, மெல்லிய சரசரப்பு. அங்கேயே நிறுத்துங்கள், அதுதான் உங்கள் கோணம். இன்னும் தாழ்த்தினால் பிளேடு சுரண்டும். மோவாயிலும் தாடை வளைவிலும் இந்தக் கோணம் நொடிக்கு நொடி மாறும் என்பதால்தான் முதல் நாளே அங்கே ரத்தம் பார்த்தீர்கள். அங்கெல்லாம் இழுப்பு ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல் போகக்கூடாது. மற்ற கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை மறக்க வேண்டாம். காய்ந்த முடி முரட்டு முடி. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தால் நீரைக் குடித்து இளகிவிடும், அறுக்கத் தேவைப்படும் விசையும் நன்றாகக் குறைந்துவிடும். குளித்த கையோடு ஷேவ் செய்தால் தனியாக மெனக்கெட வேண்டாம். நுரை, தயிரைக் கடைந்தது போல வழுவழுவென்று இருக்க வேண்டும். பஞ்சு மிட்டாய் போல் புசுபுசுவென்று நின்றால் அதில் காற்றுதான் அதிகம், பிரஷ்ஷில் இன்னும் சில சொட்டுத் தண்ணீர் சேருங்கள். பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, செயற்கை நார் பிரஷ் வாங்குங்கள். சீக்கிரம் காயும், வேலையில் குறை இல்லை.

கழுத்துக்கு இப்போதைக்கு ஒரே விதி: நீங்கள் தடவிக் கண்டுபிடித்த திசையிலேயே ஒரு முறை. வேண்டுமானால் மறுபடி நுரை போட்டு, குறுக்காக இன்னொரு முறை. எதிர்த் திசையில் மழித்துப் பளிங்காக்கும் ஆசையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். உங்கள் கழுத்தில் பொரிந்தது பெரும்பாலும், ஒட்ட அறுபட்ட முடி திரும்ப முளைக்கும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்துவதால் வருவது. 1971-இல் ஜில்லெட் ட்ராக் 2 என்ற இரட்டை பிளேடு ரேஸரை விற்றபோது சொன்ன பெருமையே, முதல் பிளேடு முடியை வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது பிளேடு இன்னும் ஒட்ட அறுக்கும் என்பதுதான். சுருள் முடிக்காரர்களுக்கு அந்தப் பெருமையே வினை. ஒற்றை பிளேடுக்கு மாறியது நல்ல முடிவுதான், அதில் சந்தேகம் வேண்டாம். பொரிப்பில் சீழ் வைத்தாலோ, ஒரு மாதம் இப்படிச் செய்தும் அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது பிளேடு.

இரட்டை முனை பிளேடு எந்த நாட்டில் செய்ததானாலும் அளவு ஒன்றுதான்: ஏறத்தாழ 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன். எதுவும் உங்கள் ரேஸரில் உட்காரும். வித்தியாசமெல்லாம் முனையைத் தீட்டிய விதத்திலும், அதன் மேல் குரோமியம், பிளாட்டினம், டெஃப்ளான் என்று பூசிய பூச்சிலும் இருக்கிறது. ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பேர்போனது. துருக்கியின் டெர்பி எக்ஸ்ட்ரா சாதுவானது என்று பெயர் எடுத்தது. ஆஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினம் போன்றவற்றை நடுவில் வைப்பார்கள். கூர்மை என்றால் ஆபத்து, சாது என்றால் பத்திரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முரட்டுத் தாடிக்காரர் சாதுவான பிளேடைப் போட்டால் அது முடியை அறுக்காமல் பிடித்து இழுக்கும். இழுத்தால் கை தானாக அழுத்தும், அழுத்தினால் எரியும். அதே ஆளுக்கு நல்ல கூரான பிளேடு வெண்ணெயில் போவது போல் போகலாம். பூனைமுடியும் மென்தோலும் உள்ளவருக்கு நேர்மாறு.

ரேஸரும் இதில் பங்காளி. மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பிளேடு முனை வெளியே எட்டிப் பார்க்கும் அளவு, இந்த இரண்டும்தான் ஒரு ரேஸர் சாதுவா முரடா என்று தீர்மானிப்பவை. மூலே ஆர்41 போன்ற முரட்டு ரேஸரில் இருக்கும் ஒரு பிளேடும், அதே கம்பெனியின் சாதுவான ஆர்89-இல் இருக்கும் அதே பிளேடும் முகத்துக்கு இரண்டு வேறு பிளேடுகள். அதனால் நண்பனுக்கு அமிர்தமாக இருக்கும் பிளேடு உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லோருக்கும் சிறந்த பிளேடு எது என்று கேட்பது, எல்லோருக்கும் பொருந்தும் செருப்பு எது என்று கேட்பது போலத்தான்.

நாளுக்கு ஒரு பிராண்டு மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். எரிந்தால் எதனால் எரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நேற்றைய காயத்தின் மேல் இன்றைய பிளேடு ஓடுகிறது, பழி இன்றையதற்கு. முதலில் தோல் முழுக்க ஆறட்டும். கலவைப் பாக்கெட்டில் நடுத்தரமான ஒன்றை எடுத்து, அதே ரேஸர், அதே க்ரீம் என்று இரண்டு மூன்று வாரம் அதிலேயே இருங்கள். ஒரு பிளேடுக்கு நாலைந்து ஷேவ். சில பிளேடுகள் முதல் நாள் முறைத்துக்கொண்டு, இரண்டாம் நாள் வழிக்கு வரும். எனவே ஒரே நாளில் தீர்ப்பு எழுத வேண்டாம். கை பழகிய பிறகும் பிளேடு முடியைப் பிடித்து இழுத்தால் ஒரு படி கூரானதுக்குப் போங்கள். வழுக்கிக்கொண்டுதான் போகிறது, ஆனால் பிறகு தோல் காந்துகிறது என்றால் ஒரு படி சாதுவானதுக்கு இறங்குங்கள். அந்த ஃபெதரைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே பிளேடைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரலாம்.

மாட்டும்போது முனையைத் தொடாமல், வெட்டாத குட்டைப் பக்கங்களைப் பிடித்து வையுங்கள். திருகி இறுக்கிய பிறகு ரேஸரை நேராக முகத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இதைப் பார்க்காமல் ஒரு நாள் அவசரத்தில் மழித்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு உதட்டோரம் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சின்ன வெட்டுக்குப் படிகாரக் கட்டியை நனைத்து ஒற்றினால் போதும்.

தாத்தா சொன்னதில் தப்பில்லை, காலம்தான் தப்பு. அவர் இளமையில் பார்த்தது கார்பன் எஃகு பிளேடாக இருக்கலாம். ஈரம் பட்டால் துரு ஏறும், துடைத்தே தீர வேண்டும். 1962-இல் வில்கின்சன் ஸ்வோர்ட் துருப்பிடிக்காத எஃகு பிளேடைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கவலை போயிற்று. இன்றைய பிளேடைத் துண்டால் துடைத்தால் முனையும் பூச்சும்தான் கெடும். தண்ணீரில் அலசி, உதறி, காற்றில் உலரவிடுங்கள். தம்ளரில் தேய்ப்பதும் பல நாடுகளில் இருந்த பழக்கம்தான். அதற்கென்றே வளைந்த கண்ணாடிச் சாணைகளை விற்றார்கள். தீட்டாமல் தூக்கி எறியும் பிளேடு என்பதுதான் கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனை. அது விற்பனைக்கு வந்த முதல் வருடமான 1903-இல் விற்றது மொத்தம் 51 ரேஸரும் 168 பிளேடும். எறிவதற்கு மனசு வராத ஜனங்கள் அதையும் தீட்டத்தான் வழி தேடினார்கள்.

எஃகை விடச் சுமார் ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடை மழுக்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தே பார்த்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது. முனை சீராகத் தேய்ந்து மழுங்குவதில்லை. முடி வளைந்து ஒரு கோணத்தில் மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் பொடிப்பொடியாகப் பெயர்கிறது. பெயர்ந்துபோன முனையைத் தம்ளர் எங்கிருந்து கொண்டுவரும்? இழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். பழைய பிளேடுகளை மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேருங்கள். வீட்டில் வேறு யாருக்கும் உங்கள் பிளேடைக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தில் கூட ஹெபடைட்டிஸ் பி தொற்றும்.

விமானத்துக்கு: பிளேடு கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில் போகும். செக்-இன் பெட்டியே இல்லாத பயணம் என்றால் பிளேடு இல்லாத ரேஸரை மட்டும் எடுத்துக்கொண்டு, போன இடத்தில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ரேஸரைத் திருகித் திறந்து ஒரு தடவை பாருங்கள். பிளேடு உள்ளேயே இருப்பது நமக்கு மறந்துபோகும், ஸ்கேனருக்கு மறக்காது.