சென்னைல இருந்து மலை கிராமத்துக்கு குழந்தைங்க மெடிக்கல் கேம்ப் போறோம், நான் டாக்டர் இல்ல, அங்க என்ன செய்யலாம்?

தாராளமா போங்க, ஜவ்வாது மலை மாதிரி இடத்துல கேம்ப்னா பாதி வேலையே எடை பாக்குறது, உயரம் அளக்குறது, டோக்கன் குடுக்குறதுதான். கைச்சுற்றளவு டேப்னு ஒண்ணு இருக்கு, 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு மேல்கையில சுத்திப் பாத்து 11.5 சென்டிமீட்டருக்கு கீழ வந்தா கடுமையான ஊட்டச்சத்து குறைபாடு, உடனே டாக்டர்கிட்ட காட்டணும், இதை யார் வேணா சீக்கிரம் கத்துக்கலாம்.

ஆனா வீட்ல மிச்சமான சிரப் பாட்டில்லாம் மூட்டை கட்டிட்டு போகாதீங்க ப்ளீஸ், அது உதவி இல்ல, தலைவலி. பூச்சி மாத்திரை கூட இஷ்டத்துக்கு குடுக்கக் கூடாது, ஸ்கூல்லயும் அங்கன்வாடிலயும் அரசே குடுக்குது.

கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் அக்காகிட்ட பேசிடுங்க, எந்தக் குழந்தைக்கு தடுப்பூசி விட்டுப்போச்சுன்னு அவங்க நோட்டுல இருக்கும். கேம்ப் முடிஞ்சதும், பாத்த குழந்தைங்க லிஸ்ட்டை அவங்ககிட்டயே குடுத்துட்டு வாங்க, ஃபாலோ அப் பண்ணப் போறது அவங்கதான்.