புக்கெட்டில் எங்கே சாப்பிடுவது? – கடிதம்

வணக்கம்.

காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அறை பட்டோங் கடற்கரையில். டூர் ஏற்பாடு செய்தவர் தினமும் இரவு ‘இந்தியன் பஃபே’ என்று பேக்கேஜில் சேர்த்திருக்கிறார். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கணவர் மீன், கோழி சாப்பிடுவார். மாடு, பன்றி தொடமாட்டார். நான் எதையும் ஒரு வாய் தின்று பார்க்கிற ஆள். “அங்கே தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள், அம்மாவை ஏன் கூட்டிப்போகிறாய்” என்று தெரிந்தவர்கள் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். பேசாமல் பஃபேயிலேயே சாப்பிட்டுவிடலாமா? வெளியே சாப்பிடுவதென்றால் எங்கே போவது?

ர., கோவை

அன்புள்ள ர.,

முதலில் அந்த பஃபேயை பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் ஒரு இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டோங்கில் இந்திய ஓட்டல்களுக்குப் பஞ்சமே இல்லை. வாசலில் மெனு அட்டையோடு நின்று “நமஸ்தே” சொல்லி இழுப்பார்கள். உள்ளே பெரும்பாலும் பனீர் பட்டர் மசாலா, நாண், மஞ்சள் பருப்பு. அதைச் சாப்பிட கோவையிலிருந்து விமானம் ஏற வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஒருநாள் அலுத்துப்போய், தெரிந்த சாப்பாடு ஏதாவது கிடைத்தால் போதும் என்று தோன்றினால் அங்கே கூட்டிப்போங்கள், அதில் தப்பில்லை. தினமும் என்பதுதான் அநியாயம்.

புக்கெட்டில் கடற்கரை ஒரு பக்கம், சாப்பாடு இன்னொரு பக்கம். நீங்கள் தங்கப்போகும் பட்டோங் மேற்குக் கரை. சாப்பாட்டுக்குப் பேர்போனது மலையைத் தாண்டி, கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புக்கெட் டவுன். சுற்றுலா வருவதற்கு நூறு வருஷம் முன்பே அந்த ஊர் வெள்ளீயச் சுரங்கத்தில் பணக்கார ஊராகிவிட்டது. வெள்ளீயம் தோண்ட வந்த ஹொக்கியன் சீனர்கள், அவர்களுக்கு முன்பே இருந்த மலாய் முஸ்லிம்கள், தெற்குத் தாய்லாந்துக்காரர்கள் என மூன்று சமையலும் அங்கே கலந்து கிடக்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ உணவுக்கான படைப்பு நகரமாக அறிவித்தபோது தாய்லாந்திலேயே அந்தப் பட்டியலில் வந்த முதல் ஊர் புக்கெட்தான். நல்ல சாப்பாட்டுக் கடைகளைப் பரிந்துரைக்கும் மிஷ்லின் கையேட்டிலும் 2019 பதிப்பிலிருந்து புக்கெட் இருக்கிறது. அதில் இடம்பிடித்தவற்றில் பல, பிளாஸ்டிக் நாற்காலி போட்ட சின்னக் கடைகள்.

உங்கள் குடும்பத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. அம்மாவின் கட்டுப்பாட்டைச் சீனக் கோயில் பக்கத்துக் கடைகள் பார்த்துக்கொள்ளும். கணவரின் கட்டுப்பாட்டை முஸ்லிம் கடைகள் பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே டவுனில், நடக்கிற தூரத்தில்.

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். மீன் சாஸ் பயம் நியாயமானதுதான். கீரை வதக்கலிலும் ‘நாம் ப்ளா’ என்கிற மீன் சாஸ் போகும். குழம்பு மசாலாவில் கப்பி என்கிற இறால் விழுது இருக்கும். “வெஜிடேரியன்” என்று கேட்டால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் அந்த வார்த்தையே வேண்டாம். ‘ஜே’ என்று கேளுங்கள். சீன பௌத்த வழியில் வந்த விரதச் சாப்பாடு அது. மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். ஜே கடை வாசலில் மஞ்சள் கொடியோ பலகையோ தொங்கும், அதில் சிவப்பில் தாய்லாந்து எழுத்தில் ‘ஜே’ என்று இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அப்புறம் ஊர் முழுக்க அது கண்ணில் படும்.

டவுனில் ரானோங் சாலையில் ஜுய் துய் என்ற சீனக் கோயில் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வருஷம் முழுக்க ஜே கடைகள் நடக்கின்றன. தட்டுகளில் பத்துப் பதினைந்து வகை வரிசையாக வைத்திருப்பார்கள். சோறு வாங்கி, விரலைக் காட்டினால் போதும், மொழி வேண்டாம். ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வாத்துக்கறி, பன்றிக்கறி, மீன் வறுவல் எல்லாம் இருக்கிற மாதிரி தெரியும். எல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும்தான். தோல், கொழுப்புக் கோடு வரைக்கும் செய்து வைத்திருப்பார்கள். இதில் எனக்கு ஒருபோதும் ஈர்ப்பு வந்ததில்லை. கறியை விட்டவருக்குக் கறியின் உருவம் எதற்கு? ஆனால் காளானிலும் டோஃபுவிலும் கீரையிலும் அவர்கள் செய்வது உண்மையிலேயே நன்றாக இருக்கும், தட்டில் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் போவது காலாண்டு விடுமுறை என்பதால் இன்னொரு விஷயம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் புக்கெட்டில் சைவத் திருவிழா. நம் கணக்கில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். 1825-இல் கத்து என்ற சுரங்க ஊரில், காய்ச்சலில் விழுந்த ஒரு சீன நாடகக் குழு விரதமிருந்து குணமானதில் தொடங்கியது என்பது ஊர் வழக்கு. அந்த ஒன்பது நாளும் டவுனே மஞ்சள் கொடியாகிவிடும். அசைவக் கடைகள் பலவும் ஜே கடையாக மாறும், சில மூடிவிடும். ரானோங் சாலை நெடுக வறுவலும் நூடுல்ஸும் இனிப்பும் விற்பார்கள். உங்கள் பயணத் தேதி அதோடு சேருகிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் அம்மாதான் ராணி, நீங்கள்தான் அவர் பின்னால் போகவேண்டும். காலை ஊர்வலத்தில் கன்னத்தில் கம்பி குத்திக்கொண்டு சாமியாடிகள் வருவார்கள். அலகு குத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதில்லை, என்றாலும் அங்கே குத்துவது வெறும் வேலோடு நிற்காது. சின்னப் பிள்ளைகள் பயப்படலாம், யோசித்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு தலாங் சாலைப் பக்கம். டவுனின் பழைய கடைவீதி அது. அருண் போச்சனா என்ற பழைய முஸ்லிம் கடை அந்தச் சாலையிலேயே இருக்கிறது. ரோட்டி தாவ் நாம் என்ற கடை தேப் கிராசத்ரி சாலையில். கரி அடுப்பில் ரொட்டி போடுகிற கடை, காலையில் மட்டும். ரொட்டி என்றால் நம் பரோட்டாவின் உறவுதான், இன்னும் மெல்லிசு, இன்னும் மொறுமொறுப்பு. கோழிக் குழம்போ மீன் குழம்போ சின்னக் கிண்ணத்தில் வரும். மாட்டுக்கறிக் குழம்பும் அதே கடையில் உண்டு, அதனால் ‘காய்’ என்று கோழியைக் கேட்டு வாங்கவேண்டும். மாடு ‘நுவா’. பன்றி ‘மூ’, முஸ்லிம் கடையில் அந்தக் கவலை இல்லை. கூடவே டின் பால் ஊற்றி ஆற்றிய டீ. அம்மா இங்கே டீ மட்டும் குடிக்கலாம், ரொட்டி மாவில் முட்டை சேர்ப்பது உண்டு.

கனோம் ஜீன் என்று ஒன்று உண்டு, அதையும் காலையில் கணவரோடு சாப்பிடுங்கள். புளித்த அரிசி மாவில் பிழிந்த மெல்லிய நூடுல்ஸ். மேலே மீனை அரைத்துத் தேங்காய்ப்பால் விட்ட குழம்பு. மேசை மேலேயே பச்சைக் காய், கீரை, ஊறுகாய், அவித்த காய் என்று தட்டு தட்டாக வைத்திருப்பார்கள், வேண்டியதைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் புக்கெட்டில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால் இதைத்தான் சாப்பிடுவேன். தை ப்ளா என்று ஒரு குழம்பும் பக்கத்தில் இருக்கும். புளிக்கவைத்த மீன் குடலில் செய்வது, வாசனையும் காரமும் தூக்கலாக இருக்கும். எதையும் தின்று பார்ப்பேன் என்றீர்களே, அதற்கு நல்ல பரீட்சை.

உங்களுக்குத் தனியாக ஒரு மதியம் கிடைத்தால் மணிக்கூண்டு வட்டத்தில் மீ தோன் போ. ஹொக்கியன் மீ அங்கே பேர்பெற்றது. தடித்த மஞ்சள் நூடுல்ஸ், கறுப்பு சோயா சாஸ், கணவாய், பன்றிக்கறி, மேலே அரைவேக்காட்டு முட்டை.

சரி, எப்படிப் போவது? பட்டோங்கிலிருந்து டவுனுக்கு சோங்தாவ் ஓடுகிறது. பக்கவாட்டில் பெஞ்ச் போட்ட, திறந்த பஸ். டாக்சிக்குக் கேட்கும் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மலையேறி இறங்கி ரானோங் சாலைச் சந்தையில் கொண்டுவிடும், ஜே கடைகள் இருக்கும் அதே சாலை. சாயங்காலத்தோடு பஸ் நின்றுவிடும், திரும்பும் நேரத்தை டிரைவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் கிளம்பவேண்டும், இதை மட்டும் தயவுசெய்து தட்டாதீர்கள். புக்கெட் டவுன் காலையில் சாப்பிடுகிற ஊர். டிம் சம் என்கிற சீனக் கொழுக்கட்டைக் கடைகள் விடியும்போதே திறந்துவிடும். ரொட்டியும் கனோம் ஜீனும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஜே கடையிலும் பதினொரு மணிக்கு இருக்கிற வகைகள் இரண்டு மணிக்கு இருக்காது. நம் ஆட்கள் செய்வது என்னவென்றால், ஓட்டலில் காலைச் சாப்பாடு இலவசம் என்பதற்காகப் பத்து மணி வரை உட்கார்ந்து பிரெட்டும் தர்பூசணியும் சாப்பிட்டுவிட்டு, மதியம் ஒரு மணிக்கு டவுனில் போய் இறங்கி “ஒன்றுமே இல்லையே” என்பது. அந்த இலவசம்தான் பயணத்திலேயே அதிகம் செலவு வைக்கிறது. இரண்டு நாளாவது அதை விட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்புங்கள்.

மீனுக்கு ரவாய். தீவின் தென்கோடி. அங்கே ஊராக் லாவோய் என்கிற கடலோடி மக்களின் குடியிருப்பை ஒட்டி மீன்கடை வரிசை. இறால், நண்டு, கணவாய், பாறை மீன் எல்லாம் தொட்டியில் உயிரோடு இருக்கும். வாங்கி எதிர்வரிசைக் கடையில் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தருவார்கள். பேரம் பேசலாம், பேசவேண்டும். எடை போடும்போது பையிலிருக்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். இறாலைப் புளிச் சாறில் வதக்கச் சொல்லுங்கள், மீனை எலுமிச்சையும் பூண்டும் போட்டு அவிக்கச் சொல்லுங்கள். ஏழு நிறச் சிங்கி இறால் என்று ஒன்றைக் காட்டுவார்கள். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், விலைக்கேற்ற ருசி இல்லை. ஊராக் லாவோய் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் இருப்பவர்கள். ஆனால் நிலத்துக்குப் பத்திரம் வேறு ஆட்கள் கையில். 2016-இல் அந்தத் தகராறு கைகலப்பாகவே ஆனது. மீன் வாங்குவதென்றால் அந்தக் கடலோடி மக்களின் கடையில் வாங்குங்கள். அம்மாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை, அதனால் அவருக்கு டவுனிலேயே ஜே பொட்டலம் கட்டி எடுத்துப் போய்விடுங்கள். சாயங்காலம் பக்கத்தில் ப்ரோம்தேப் முனையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அப்படியே வரலாம்.

அக்டோபர் அங்கே மழைக்காலம். மேற்குக் கரையில் அலை மோசமாக இருக்கும், சிவப்புக் கொடி நட்டிருந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். அப்படிக் கடல் இல்லாத நாட்களில்தான் டவுன் கைகொடுக்கும். கொட்டுகிற மழையில் பட்டோங்கை விட்டு நகர முடியாவிட்டால் பான்சான் சந்தைக்குப் போங்கள். கீழே மீன், பழம். மாடியில் சமைத்துத் தருகிற கடைகள். டவுனைவிட விலை கூடத்தான். கடற்கரை ஓட்டல்களில் மீன் மெனுவைப் பார்க்கும்போது விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் அது நூறு கிராமுக்கான விலை. முழு மீன் ஒரு கிலோ வந்தால் பில் பத்து மடங்கு.

பிள்ளைகளுக்குக் காரம் வேண்டாம் என்றால் ‘மை பெட்’. நமக்குக் காரம் பழக்கம்தானே என்று நீங்களும் தைரியமாக இருக்காதீர்கள், தெற்குத் தாய்லாந்துக் குழம்பு வேறு ரகம். பிள்ளைகளுக்கு ஆ-போங் வாங்கிக் கொடுங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டை மஞ்சளும் கலந்து குட்டிச் சட்டியில் கரி அடுப்பில் சுட்டு, சுருட்டிக் கொடுப்பார்கள். யாவோராட் சாலையில் ஒரு ஆ-போங் கடைக்கு மிஷ்லின் பரிந்துரையே உண்டு. ஓ-ஆவ் என்ற ஐஸ் பண்டம் புக்கெட்டின் சொந்தச் சரக்கு. வாழைப்பழச் சாறும் ஒருவகை அத்தி விதையும் சேர்த்து உறையவைத்த ஜெல்லி, மேலே துருவிய ஐஸும் சிவப்புப் பாகும். முட்டை, பால் இல்லாததால் அம்மாவும் சாப்பிடலாம். புக்கெட் அன்னாசி சின்னதாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். அதற்கு உப்பும் மிளகாயும் சர்க்கரையும் கலந்த பொடி தருவார்கள்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். நடுவில் துளை போட்ட உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்வது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஜே சாப்பாட்டில் தயிர் இருக்காது. செவன் லெவன் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை போட்டது, பார்த்து வாங்குங்கள். பருப்புப்பொடியும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் பெட்டியில் இருக்கட்டும். வெறும் சோறு எந்தக் கடையிலும் சில பாத்துக்கு (தாய்லாந்துப் பணம்) கிடைக்கும், நல்ல மணமான சோறு.

நீங்கள் இருக்கும் நாட்களில் ஒரு ஞாயிறு வந்தால் தலாங் சாலையில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சந்தை போடுவார்கள், லார்ட் யாய் என்று பெயர். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கித் தின்ன அதுதான் சரியான இடம். சோங்தாவ் நின்றுபோயிருக்கும், திரும்ப, போன் செயலியில் கூப்பிடுகிற கிராப் வண்டிதான். ஒன்பது மணிக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் வாடகை ஏறும், எட்டரைக்கே கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்.